சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: அமெரிக்கக் கூட்டு வழக்குகளில் பொருள் வாங்கியவருக்கு என்ன கிடைக்கிறது?

1990களின் நடுவில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வீட்டுக் கடன் கட்டிவந்த ஒருவர், தன் கடன் கணக்கில் புதிதாக இரண்டு வரிகளைப் பார்த்தார். ஒன்று, 2 டாலர் 19 சென்ட் வரவு. இன்னொன்று, 91 டாலர் 33 சென்ட் பற்று. என்ன ஏது என்று விசாரித்தபோதுதான், தான் ஒரு வழக்கில் ஜெயித்திருப்பது அவருக்குப் புரிந்தது. வரவு, வெற்றியின் பலன். பற்று, ஜெயித்துக் கொடுத்த வக்கீல்களுக்கான கூலி. அந்த வக்கீல்களை அவர் அமர்த்தியதும் இல்லை, முகம் பார்த்ததும் இல்லை. வழக்கு நடந்தது பல மாநிலம் தள்ளி, அலபாமாவில்.

வரி, காப்பீடு ஆகியவற்றுக்கென்று வாடிக்கையாளர்களிடம் வாங்கி வைக்கும் பணத்தில் தேவைக்கு மேல் பிடித்து வைத்திருந்தது வங்கி. அதை எதிர்த்துத்தான் வழக்கு. பிடித்துவைத்த பணம் எப்படியும் வாடிக்கையாளருடையதுதான். என்றாவது ஒருநாள் திரும்பி வந்திருக்கும். ஆனால் வக்கீல் கூலியை அந்தப் பணத்தின் மீது சதவீதம் போட்டுக் கணக்கிட்டார்கள். கூலியாக மட்டும் 80 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஜெயித்தவர்கள் காசு இழந்தார்கள்.

இது விபரீதமான ஒரு வழக்கு. எல்லாம் இப்படி இல்லை. ஆனாலும் ‘கிளாஸ் ஆக்‌ஷன்’ என்று அமெரிக்கர்கள் சொல்லும் கூட்டு வழக்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ இருக்கும் நம்மவர்களுக்கும் ‘நீங்கள் ஒரு வழக்கின் உறுப்பினராக இருக்கலாம்’ என்று மின்னஞ்சல் வந்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பாலோர் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள்.

கூட்டு வழக்கு எதற்கு?

ஒரு நிறுவனம் உங்களிடம் 30 டாலர் ஏமாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கே அதைப் போலப் பல மடங்கு ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆகவே நீங்கள் பேசாமல் இருந்துவிடுவீர்கள். அப்படிப் பேசாமல் இருப்பவர்கள் பத்து லட்சம் பேர் என்றால் நிறுவனத்துக்கு 3 கோடி டாலர் லாபம். சில்லறையாகத் திருடினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வியாபாரத்தில் ரொம்பப் பழைய பாடம்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் கூட்டு வழக்கு. ஒரே மாதிரி ஏமாற்றப்பட்ட எல்லோருக்குமாகச் சேர்த்து ஒருவரோ சிலரோ வழக்குப் போடலாம். சில்லறை எல்லாம் சேர்ந்து பெருந்தொகை ஆவதால் அதைத் தூக்கிச் சுமக்க வக்கீல் முன்வருவார். சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 2004ல் ஒரு தீர்ப்பில் இதைப் பச்சையாகவே சொன்னார். கூட்டு வழக்கு இல்லையென்றால் அந்த இடத்தில் 1 கோடியே 70 லட்சம் தனி வழக்குகள் வந்துவிடாது, ஒன்றுகூட வராது. 30 டாலருக்காகக் கோர்ட் படி ஏறுபவர் பைத்தியமாகவோ வெறியராகவோதான் இருக்க வேண்டும் என்றார்.

இப்போதுள்ள வடிவம் 1966ல் வந்தது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளில் 23ஆம் விதியை அந்த ஆண்டில் திருத்தி எழுதினார்கள். பண இழப்பீடு கேட்கும் வழக்குகளில் அதன் முக்கியமான அம்சம், மௌனம் சம்மதம் என்பதே. நீங்களாக ‘நான் வரவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய, நீங்களும் அந்த வழக்கில் உண்டு. இப்படி இல்லாவிட்டால் ஆள் சேராது. சேராவிட்டால் நிறுவனம் பயப்படாது. ஆனால் மெய்ன் மாநிலத்துக்காரர் தனக்குத் தெரியாத வக்கீலுக்குக் கூலி கொடுத்ததும் இதே வழியில்தான்.

மேஜையில் இல்லாத ஆள்

இந்த வழக்குகள் விசாரணை முடிந்து தீர்ப்பு வரை போவது அபூர்வம். தள்ளுபடி ஆகாமல் தப்பிப் பிழைத்தவை அநேகமாகச் சமரசத்தில்தான் முடியும். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சமரசம் பேசும் மேஜையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒரு பக்கம் நிறுவனத்தின் வக்கீல். அவருக்கு வேண்டியது நிம்மதி: ‘இந்த விஷயத்துக்காக இனி எவரும் வழக்குப் போட முடியாது’ என்ற ஒரே ஒரு வரி. அதற்கு மொத்தமாக எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர் கவலை. அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு பக்கம் வாங்கியவர்கள் சார்பான வக்கீல். பல வருஷம் கைக்காசு போட்டு வழக்கை நடத்தியிருப்பார். கூலி வருவது முடிந்த பிறகுதான். வாங்கியவர்? அவர் எங்கோ கடையில் அடுத்த பொருளை வாங்கிக்கொண்டிருப்பார்.

நிறுவனம் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையில் வக்கீலுக்கு எவ்வளவு, மக்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் இடத்தில் மக்களே இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். இதைத் தடுக்கத்தான் சமரசத்தை நீதிபதி பார்த்து, நியாயமானது, போதுமானது என்று ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்று 23ஆம் விதி சொல்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டு வந்து நிற்கும்போது, குறையை எடுத்துச் சொல்ல நீதிபதி முன் யார் இருக்கிறார்?

சில சமயம் ஒருவர் இருப்பார். உறுப்பினர்களில் யார் வேண்டுமானாலும் சமரசத்தை ஆட்சேபிக்கலாம். டெட் ஃபிராங்க் என்ற வக்கீல் இதையே முழுநேர வேலையாகச் செய்பவர். இனி வரும் மூன்று வழக்குகளிலும் ஆட்சேபணைக்குப் பின்னால் அவர்தான் இருந்தார். (ஆட்சேபணையை மிரட்டலாக வைத்துக் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு, காசு வாங்கிக்கொண்டு ஆட்சேபணையைத் திரும்பப் பெற நீதிமன்ற அனுமதி வேண்டும்.)

முதலாவது, மூட்டுவலிக்கான குளுக்கோசமைன் மாத்திரை. மாத்திரை சொன்னபடி வேலை செய்யவில்லை என்று வழக்கு, பிறகு சமரசம். ரசீது இல்லாவிட்டால் புட்டிக்கு 3 டாலர் வீதம் நான்கு புட்டி வரை. ரசீது இருந்தால் 5 டாலர் வீதம் பத்து புட்டி வரை. 47.2 லட்சம் பேருக்கு அஞ்சலட்டை போனது. அத்தனை பேரும் ஆளுக்கு 3 டாலர் கேட்பார்கள் என்று வைத்து, அந்தப் பகுதியின் மதிப்பை 1.42 கோடி டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். கேட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 30,245 பேர். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அவர்களுக்குப் போன தொகை 8,65,284 டாலர். வக்கீல் கூலிக்கு என்று கீழமை நீதிமன்றம் அனுமதித்தது 19.3 லட்சம் டாலர்.

2014ல் மேல்முறையீட்டில் இதே போஸ்னர் கையில் வழக்கு சிக்கியது. கேட்கப்படாத பணத்தைக் கொடுத்த பணமாகக் கணக்கில் எழுதாதீர்கள் என்றார் அவர். கூலியை, கூலியும் மக்கள் கைக்குப் போனதும் சேர்ந்த தொகையோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் வக்கீல்களின் பங்கு 69 சதவீதம். சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்த கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சுமைகூலிக்குப் பயந்துதானே கூட்டு வழக்கையே கண்டுபிடித்தோம்! போஸ்னர் இன்னொன்றும் கேட்டார். அந்த 47.2 லட்சம் பேரின் முகவரிதான் கையில் இருக்கிறதே, அஞ்சலட்டைக்குப் பதிலாக ஆளுக்கு 3 டாலர் காசோலையை அனுப்பியிருக்கலாமே? விண்ணப்பப் படிவமே ஆட்களை விரட்டுவதற்காகச் செய்தது போல இருக்கிறது என்பது அவர் கருத்து. சமரசம் நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது, சப்வே கடைகளின் ஓரடி நீள சாண்ட்விச். 2013ல் ஆஸ்திரேலியச் சிறுவன் ஒருவன் அதை அளவுகோலோடு வைத்துப் படம் எடுத்துப் போட்டான். 11 அங்குலம்தான் இருந்தது. அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. விசாரித்தால், மாவு எல்லா ரொட்டிக்கும் ஒரே எடைதான். வேகும்போது சில ரொட்டி அகலமாகி நீளம் குறைந்துவிடுகிறது, அவ்வளவே. ஆக யாருக்கும் உணவு குறையவில்லை. அப்படியும் சமரசம் ஆனது. வாங்கியவர்களுக்குக் காசு கிடையாது. கடைகளில் இனி ரொட்டியை அளந்து பார்ப்பார்கள் என்ற உறுதி மட்டும் உண்டு. வக்கீல்களுக்கு 5,20,000 டாலர். 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சமரசம் அடியோடு பயனற்றது என்று தூக்கிப் போட்டது. அளந்து பார்த்த பிறகும் ரொட்டி சில சமயம் 11 அங்குலமாகத்தான் வேகும் என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

மூன்றாவது இன்னும் வினோதம். தேடியவர்களின் தேடல் சொற்களைக் கூகுள் மற்ற இணையதளங்களுக்குத் தெரியவிட்டது என்று ஒரு வழக்கு. பாதிக்கப்பட்டோர் சுமார் 12.9 கோடி பேர், சமரசம் 85 லட்சம் டாலர். கூலியும் செலவும் போனால் ஆளுக்கு 4 சென்ட் வருகிறது. அதை அனுப்பும் தபால் செலவே பல மடங்கு. அதனால் எவருக்கும் கொடுக்க வேண்டாம், அந்தத் துறையில் வேலை செய்யும் பல்கலைக்கழகங்களுக்கும் அமைப்புகளுக்கும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கொடுக்க முடியாத பணத்தை, கொடுக்க நினைத்த நோக்கத்துக்கு அருகிலேனும் சேர்ப்பது என்ற பழைய அறக்கட்டளைச் சட்ட வழக்கம் இது. ‘சை ப்ரே’ என்று பெயர். பட்டியலில் இருந்த சில பல்கலைக்கழகங்கள் வழக்கை நடத்திய வக்கீல்கள் படித்த இடங்களாக இருந்தன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019ல் வேறொரு சட்டக் கேள்விக்காகக் கீழே திரும்பி வந்தது. பிறகு 2.3 கோடி டாலருக்குப் புதிய சமரசம் ஆனபோது, விண்ணப்பித்தவர்களுக்கே பணம் என்று மாறியது. முடியாது என்றது எப்படி முடிந்தது? பெரும்பாலோர் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான்.

கேட்டவருக்கு மட்டும்

கேட்டால்தான் பணம் என்று இருக்கும் சமரசங்களில் உண்மையில் எத்தனை பேர் கேட்கிறார்கள்? அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 149 நுகர்வோர் கூட்டு வழக்குகளை ஆராய்ந்து 2019ல் அறிக்கை வெளியிட்டது. வழக்குகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வழக்கில் 9 சதவீதம். எத்தனை பேருக்கு அறிவிப்பு போனது என்பதையும் சேர்த்துச் சராசரி போட்டால் 4 சதவீதம். அறிவிப்பு போன நூறு பேரில் 96 பேர் காசு வாங்காமலே, வழக்குப் போடும் உரிமையையும் இழக்கிறார்கள் என்று அர்த்தம்.

மீதிப் பணம் என்ன ஆகிறது என்பதைச் சமரசத்தில் எழுதியிருக்கும் ஒரு பிரிவுதான் தீர்மானிக்கிறது. ஒரு வகையில், கேட்டவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மீதியை நிறுவனமே வைத்துக்கொள்ளும். இதில் கேட்பவர் குறைவது நிறுவனத்துக்கு லாபம். இன்னொரு வகையில், ஒரு தொகையை ஒரேயடியாக நிதியாக எடுத்து வைத்து, கேட்டவர்களுக்குள் பங்கு போடுவார்கள். இதில் நிறுவனத்தின் செலவு மாறாது. கேட்பவர் குறைந்தால் கேட்டவருக்குக் கூடும்.

ஆப்பிள் நிறுவனம் பழைய ஐபோன்களை மெதுவாக்கிய வழக்கில் இது கண்கூடாகத் தெரிந்தது. 2020ல் ஒப்புக்கொண்டது போனுக்கு 25 டாலர் என்று. ஆனால் மொத்தம் குறைந்தது 31 கோடி டாலராவது தர வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வராததால் 2024 ஜனவரியில் வந்த தொகை 92 டாலர் 17 சென்ட். ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் வழக்கில் நேர்மாறு. 2017ல் சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் அங்கிருந்து திருடுபோயின. 2019ல் சமரசம் வந்தபோது ‘125 டாலர்’ என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அந்த வகை ரொக்கத்துக்கு ஒதுக்கியிருந்ததோ 3.1 கோடி டாலர். 125 ஆல் வகுத்துப் பாருங்கள், 2,48,000 பேருக்குத்தான் வரும். சில நாட்களிலேயே வர்த்தக ஆணையம், 125 டாலரை எதிர்பார்க்காதீர்கள் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

படங்களில் இருக்கும் முகங்களை ஃபேஸ்புக் தானாக அடையாளம் கண்ட வழக்கு இல்லினாய் மாநிலத்தவருக்கு மட்டுமானது. அங்கே 2008லேயே, அனுமதி இல்லாமல் முக அடையாளங்களைச் சேகரித்தால் மீறல் ஒன்றுக்குக் குறைந்தது 1,000 டாலர் என்று சட்டம் இருந்தது. முதலில் 55 கோடி டாலருக்குப் பேசி முடித்துக்கொண்டு வந்தார்கள். நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ ஒப்புக்கொள்ளவில்லை; 65 கோடியாக உயர்ந்தது. அறிவிப்பு ஃபேஸ்புக்கின் உள்ளேயே வந்ததால் ஏறத்தாழ 16 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்; ஐந்தில் ஒருவருக்கு மேல். 2022ல் ஆளுக்கு 397 டாலர் அளவில் காசோலை போனது. என் பார்வையில் சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்த அந்த 1,000 டாலர்தான் இவ்வளவுக்கும் காரணம். அது இல்லாமல், ‘முகத்தை அளந்ததால் உனக்கு எவ்வளவு நஷ்டம்’ என்று கேட்டிருந்தால் வழக்கு அங்கேயே படுத்திருக்கும்.

முழுசாகக் கிடைத்த ஒரு முறை

ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள், சோதனைக் கூடத்தில் ஒரு விதமாகவும் சாலையில் வேறு விதமாகவும் புகை விடும்படி மென்பொருள் எழுதி வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது. அடுத்த ஆண்டே 1,470 கோடி டாலருக்குச் சமரசம். அதில் சுமார் 1,000 கோடி கார் வைத்திருந்தவர்களுக்கு. அமெரிக்காவில் இரண்டு லிட்டர் எஞ்சின் கார்கள் மட்டும் சுமார் 4,75,000. விஷயம் வெளிவருவதற்கு முன் இருந்த விலைக்கே நிறுவனம் காரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதற்கு மேல் குறைந்தது 5,100 டாலர். வக்கீல் கூலி 17.5 கோடி டாலர். அதையும் ஃபோக்ஸ்வாகன் தனியாகக் கட்டியது. தொகை பெரிதுதான், ஆனால் மக்களுக்கு ஒதுக்கியதில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

மாத்திரைக்கும் காருக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கார் யாரிடம் இருக்கிறது என்பது பதிவேட்டில் இருக்கிறது. இழப்பு ஆயிரக்கணக்கில் என்பதால் ஆட்கள் தானாக வந்தார்கள். அதோடு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வர்த்தக ஆணையமும் கலிஃபோர்னியா அரசும் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தன. வாங்கியவர் அங்கே இல்லாவிட்டாலும், கூலியில் பங்கில்லாத யாரோ ஒருவர் இருந்தார்கள்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2005ல் வந்த கூட்டு வழக்கு நியாயச் சட்டம், பணத்துக்குப் பதில் கூப்பன் கொடுத்தால், மக்கள் உண்மையில் பயன்படுத்திய கூப்பனின் மதிப்பை வைத்தே வக்கீல் கூலியைக் கணக்கிட வேண்டும் என்றது. மெய்ன் மாநிலத்துக்காரருக்கு நடந்தது போல உறுப்பினருக்கு நிகர நஷ்டம் வரும் சமரசத்தை, பணமல்லாத நன்மை அந்த நஷ்டத்தைவிடக் கணிசமாக அதிகம் இருந்தால் ஒழிய, நீதிபதி ஏற்கக் கூடாது என்றும் ஒரு பிரிவு அதில் இருக்கிறது.

இவ்வளவு கேலிக்கு இடம் இருப்பதால் கூட்டு வழக்கே வேண்டாம் என்று சொல்வாரும் உண்டு. அவர்கள் கேட்டது ஓரளவு கிடைத்தும்விட்டது. ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்த போனுக்கு 30 டாலர் 22 சென்ட் விற்பனை வரி வாங்கினார்கள் என்று ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டு வழக்கு. வாடிக்கையாளர் கோர்ட்டுக்குப் பதிலாகத் தனியாக நடுவரிடம் மட்டுமே போகலாம், கூட்டாகப் போக முடியாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2011ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த நிபந்தனை செல்லும் என்றது. அதன் பிறகு கடன் அட்டை, போன், செயலி எதைத் திறந்தாலும் அந்த வரி உள்ளே இருக்கிறது. 30 டாலருக்குத் தனியாக நடுவரிடம் போகிறவர் யார் என்பதை போஸ்னர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். எனவே, 4 டாலர் காசோலையைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு நானும் சிரிப்பேன். ஒழித்துவிடலாம் என்று அவர்கள் சொல்லும்போது சேர மாட்டேன். காசு வராவிட்டாலும், அடுத்த நிறுவனம் அதே தில்லுமுல்லைச் செய்யும் முன் தன் வக்கீலை ஒரு வார்த்தை கேட்கிறது. அதன் மதிப்பை எந்தக் காசோலையிலும் எழுத முடியாது.

சரி, அறிவிப்பு வந்தால் என்ன செய்வது? தலைப்பில் போட்டிருக்கும் கோடிகளைத் தாண்டி உள்ளே போய், கேட்காத பணம் யாருக்குப் போகிறது என்ற வரியைத் தேடுங்கள். பங்கு போடும் நிதியாக இருந்தால் விண்ணப்பிக்கும் ஐந்து நிமிஷம் வீண் போகாது. உங்கள் இழப்பு ஆயிரக்கணக்கில் என்றால் விலகுவதற்கான கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்குள் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். தேதி தாண்டினால், நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் உரிமை போய்விடும். வாங்காத பொருளை வாங்கியதாக எழுத வேண்டாம், அந்தப் படிவத்தில் போடுவது பொய்ச் சாட்சித் தண்டனைக்கு உட்பட்ட கையெழுத்து. அப்புறம், விண்ணப்பிக்கக் கட்டணம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். உண்மையான சமரசத்தில் விண்ணப்பிக்க ஒரு சென்ட்கூடக் கேட்க மாட்டார்கள்.